மூன்றாவது வட்டம்

அறுநூறு வெள்ளி.
ஏலம் என்றார்கள், ஏற்றிக் கேட்க ஆளில்லை.
தோட்டம் கைமாறி பங்களா காலியானபோது
சோபாவுக்கும் பியானோவுக்கும் சிரம்பானிலிருந்து லோரி வந்தது.
நாலு வட்டமும் கீழே ஓர் அவனுமாய் நின்ற
இந்த அடுப்பை மட்டும் யாரும் தொடவில்லை.
பதினோரு வருஷமாய்த் தொட்டவள் நான்.
தொட்டது துடைக்க.

செம்பனைக் குலை ஏற்றும் லோரியில்
பகாவ் வரை குலுங்கி வந்தது.
ஆ செங் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துச் சூள் கொட்டினான்.
"அக்கா, இது முப்பத்திரண்டு அம்பியர் கேட்கும்,
உங்க வீடு தும்மினாலே கட்டாகும்."
தனி வயர், தனி சுவிட்ச், முந்நூற்றைம்பது.
அப்படியும், ஒரே நேரத்தில்
இரண்டு வட்டத்துக்கு மேல் வேண்டாம் என்றான்.

பிறகு பாத்திரங்கள்.
ஐஸ்பெட்டிக் கதவிலிருந்த
கேமரன் மலை ஸ்ட்ராபெரி காந்தத்தைப் பிடுங்கி
ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பார்த்தேன்.
அலுமினியச் சோற்றுப் பானை: விழுந்தது.
சீர்வரிசைப் பித்தளை: விழுந்தது.
எவர்சில்வரில் இரண்டு ஒட்டின, மூன்று வழுக்கின.
ஒரே கடை, ஒரே விலை, என்ன நியாயமோ.
தோசைக்கல் மட்டும்
டக்கென்று இழுத்துக்கொண்டது,
விட மனசில்லாமல்.

இருதயம் ஆலையில் பாய்லர் பார்ப்பவர்.
குனிந்து குனிந்து தேடினார்:
"தீ எங்கே?"
தினசரித் தாளை விரித்து
அதன்மேல் சட்டியை வைத்தேன்.
தண்ணீர் தளதளவென்று கொதித்தது.
அடியில் இடைத்தேர்தல் வேட்பாளர்
ஒரு பல்கூடக் கருகாமல்
சிரித்துக்கொண்டிருந்தார்.
இருதயம் அன்று இரண்டு தரம் தேநீர் குடித்தார்.

ஒன்றுதான் இதற்குத் தெரியாது: ஈரக்கை.
மீன் கழுவிய விரலால் தொட்டால்
பீப் பீப் என்று கத்தி அணைந்துவிடும்.
அங்கே இருந்தவரை
ஈரமில்லாத கையோடு இதன் முன் நான் நின்றதேயில்லை.
இப்போது கைலியில் விரலைத் துடைத்து, ஊதி,
கிளினிக்கில் நம்பர் எடுத்தவள்போல் நிற்கிறேன்.

சனிக்கிழமை நெத்திலி சம்பல் பொங்கிவிட்டது.
எண்ணெய் என்றால் ஆறவிடலாம்.
சீனி என்றால் ஆகாது,
இறுகினால் கண்ணாடியையே பெயர்த்துக்கொண்டு வரும்.
சூட்டோடு பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி,
ஆறியபின் சோடா மாவு தூவி, வினிகர் தெளித்து,
ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போர்த்திவிட்டு,
மெல்லிய துணியால் ஒரு திசையில் துடைக்க வேண்டும்.
இரும்பு நார் மட்டும் கூடவே கூடாது.
எனக்குத் தெரியும்.

மூன்றாம் வருஷம், ஹரி ராயாவுக்கு முதல் நாள்,
ரெண்டாங் வழிந்து கருகி,
வாசலில் விருந்தாளி கார் நுழைகிற சத்தம்.
கைக்குக் கிடைத்தது இரும்பு நார்.
மூன்றாவது வட்டத்தின் ஓரத்தில்
நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு.
அதன்மேல் கெத்தலைத் தூக்கி வைத்தேன்.
எட்டு வருஷம் வைத்தேன்.
"ஏன் எப்போதும் இங்கேயே?" என்று
புவான் நோரைடா ஒரு தரம் கேட்டார்.
"இங்கேதான் சீக்கிரம் கொதிக்கும், புவான்."
தலையாட்டினார்.

பங்களாவைப் பூட்டிய அன்று
சாவிக்கொத்தோடு காருக்குப் போனவர்
திரும்பி வந்து கெத்தலை என் கையில் கொடுத்தார்.
"இதையும் எடுத்துக்கொள்.
இதன் இடம் உனக்குத்தான் தெரியும்."
அந்த முகத்தில் என்ன இருந்தது என்று
இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நேற்று கெத்தலை அலமாரிக்கு மேலே ஏற்றினேன்.
கெம்போங் மீன் நாலு துண்டு, மஞ்சள் தடவி,
மூன்றாவது வட்டத்தில் தோசைக்கல்.
இருதயம் பக்கத்தில் வந்து
கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார்.
"இதென்ன கோடு? யார் கீறினது?"

நான்தான் என்றேன்,
மீன் பொரியும் சத்தத்துக்கு மேலே
கேட்கும்படி.