இடக்கையின் உட்புறம்

தொடையில கிடக்கிற ஷெல் துண்டுக்கு
டிடெக்டர் கத்தும்.
விடியக் காலமை பாதைக்குள்ள இறங்க முன்னம்
என்னில பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் மண்ணில பிடிப்பன்.
"முதல்ல உன்னைத் தோண்டோணும்" எண்டு
கேமலதா சிரிப்பாள்.

கைக்குள்ள கிடக்கிற ரெண்டு குச்சிக்கும்
அது வாய் திறக்காது.
இரும்பில்லை. தீக்குச்சி நீளத்தில
ரப்பர் மாதிரி ஒண்டு.

சின்னவனுக்கு நிறை பார்க்க வரச் சொன்ன நாள்.
முன்பள்ளிக் கட்டிடம், நீலத் தகரம்,
தராசுத் துணிக்குள்ள தொங்கிக்கொண்டு அவன் அழுதான்.
அடுத்த அறைக்குப் போங்கோ அம்மா.
போனன்.
கையை நீட்டுங்கோ.
நீட்டினன்.
அந்த வருசங்களில நாங்கள்
எல்லாத்துக்கும் கை நீட்டிப் பழகியிருந்தம்:
அரிசிக்கு, தறப்பாளுக்கு, பதிவுக்கு,
ஆளுக்கு ஐஞ்சு கோழிக்குஞ்சுக்கு.
ஐஞ்சு வருசத்துக்குப் பயமில்லை எண்டு சொல்லிச்சினம்.
ஆருக்குப் பயமில்லை எண்டு
நான் கேட்கேல்லை.

மாதத்தில ரெண்டு தரம் வந்தது.
பிறகு ஏழு மாதம் வரவேயில்லை.
முகக் கண்ணாடிக்குள்ள வியர்வை வழிய
முன்னால கிடக்கிற சிவப்புக் கட்டை
ரெண்டாத் தெரியும்.
கிளினிக்கில, "அது அப்பிடித்தான்."

ஒரு சாண் மண்ணைத் தொடுறதுக்கு எங்களுக்கு
வரைபடம் இருக்கு, ஒப்பம் இருக்கு,
முழங்காலில நிண்டு
கம்பியைச் சரிச்சுக் குத்தி
மண் என்ன சொல்லுது எண்டு கேட்டுக் கேட்டு
பொழுதுபட
ரெண்டு பாய் விரிக்கிற இடம்.

கேமலதாவுக்கு நாலு பிள்ளையள்.
கடைசிப் பெறுவோட ரத்தம் போய்
வெள்ளைத் துணியாக் கிடந்து எழும்பினவள்.
"போதும், கட்டி விடுங்கோ" எண்டு
தானாப் போய்க் கேட்டாள்.
அவர் வந்து ஒப்பம் வைக்கோணுமாம்.
அவர் கட்டாரில.
இல்லாட்டி மன்னாரில, வேற ஒருத்தியோட.

எனக்குக் கேளாமல் வைச்சவை.
அவளுக்குக் கேட்டும் செய்யேல்லை.
லீவு போட்டு
ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில போறம்.

முறிகண்டியில நிப்பாட்டி
ட்ரைவர் தேங்காய் உடைச்சார்.
கச்சான் சுத்தின பேப்பரில
எங்கயோ ஒரு நாட்டுப் பொம்பிளையள்
மட்டையில எழுதித் தூக்கிப் பிடிச்சபடி
வீதி நிறைய நிக்கினம்.
என்ன நாடு எண்ட இடம் கிழிஞ்சு போச்சு.
முகங்களில உப்பு.
கேமலதா கச்சானை மடியில கொட்டிப்போட்டு
பேப்பரை நீவி நீவிப் பார்த்தாள்.

டொக்டர் பிள்ளைக்கு மட்டக்களப்புப் பேச்சு.
ஏன் எடுக்கிறீங்க, திரும்பக் கலியாணமா?
இல்லை.
பிள்ளை வேணுமா?
இல்லை.
காரணம் எண்ட கட்டத்துக்கு மேல
பேனை அந்தரத்தில நிண்டது.
"எழுதுங்கோ" எண்டன்,
"கைக்குச் சொந்தக்காரி கேட்டவ."
அவ நிமிர்ந்து பார்த்தா. பிறகு
வேற என்னவோ எழுதினா.

சிங்களத்தில இருந்தது படிவம்.
முழுக்க வாசிச்சுச் சொல்லச் சொன்னன்.
வாசிச்சா. வெளியில வரிசை முணுமுணுத்தது.
ரெண்டாம் பந்தியைத் திரும்ப வாசிக்கச் சொன்னன்.

ஒண்டு வந்திட்டுது.
மற்றது இருந்த இடத்தில இல்லை.
"நகர்ந்திருக்கு. ஸ்கானுக்கு எழுதித் தாறன்,
யாழ்ப்பாணம் போங்க."

பொறுங்கோ டொக்டர்.

கண்ணை மூடி
வலக்கையின்ர மூண்டு விரலையும்
விளிம்பில இருந்து உள்ளுக்குக் கொண்டு போனன்.
அமத்தக் கூடாது.
அவசரப்படக் கூடாது.
விறைப்பூசி போட்ட தசை ஆற்றையோ தசை மாதிரி.
இதில கிடக்கு. சரிவாக் கிடக்கு.
மேல இருந்து வெட்டாதேங்கோ,
பக்கத்தால வாங்கோ.

பேனையால ஒரு புள்ளி வைச்சன்.
அவ பக்கத்தால வந்தா.

தகரத் தட்டில விழேக்க
சத்தமே கேட்கேல்லை.

வெளியில வாங்கில கேமலதா.
படிவத்தில கணவர் எண்ட கோடு
வெறுமையாக் கிடந்தது.
இண்டைக்கும் இல்லையாம்.
அந்தப் பேப்பரை நாலா மடிச்சு
அடையாள அட்டைக்குப் பின்னால வைச்சிருந்தாள்.

நாளைக்கு ஐஞ்சரைக்கு வாகனம் வந்திடும்.
தையல் போட்ட கையை
அந்தப் பாரமான மேலங்கிக்குள்ள
எப்பிடி விடுறது எண்டு கதைச்சுக்கொண்டு
பஸ்ஸுக்கு நடந்தம்.
வாற செவ்வாயும் வருவம் எண்டாள்,
நான் ஓம் எண்டன்.