கடைசி எண்

பாடாங் செராயில்
பழைய பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே என் போட்டோஸ்டேட் கடை.
முன்பக்கம் இருபது காசு, பின்பக்கமும் சேர்த்து முப்பது.
கண்ணாடியில் கவிழ்கிற அடையாள அட்டைகளில்
முகம் பார்க்கிற வழக்கமில்லை எனக்கு.
கடைசி எண்ணைத்தான் பார்ப்பேன்:
ஒற்றை என்றால் ஆண்,
இரட்டை என்றால் பெண்.
பிறந்த அன்று தாதி ஒருமுறை குனிந்து பார்த்தது
அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் ஊர் சேர்த்து எழுதியது.

உதிரிப்பழம் பொறுக்குவது பெண்.
குலை வெட்டுவது ஆண்.
அப்பனுக்கு இடுப்பு விட்ட நாளிலிருந்து
பாக்கியம்தான் குலை வெட்டினாள், பதினாறு வருடம்.
இருபதடிக் கம்பின் நுனியிலிருந்த அரிவாள்
அவள் எண்ணைக் கேட்கவில்லை.
மண்டோர் கேட்டான்.
அதனால் சம்பளச் சீட்டில் கடைசிவரை வெட்டியது
சின்னப்பையன்.

அவள் தம்பி துளசிராமன்,
இல்லை, தங்கை துளசி.
பத்தொன்பது வயதில்
பெயரின் பின்பாதியை வெட்டிப் போட்டுவிட்டு
பட்டர்வொர்த் பஸ் ஏறினவள்.
அட்டை விடவில்லை.
அதில் இன்னும் முழுப்பெயர், நடுவில் ஏ எல்,
கடைசியில் ஏழு.
வங்கியில் அட்டையைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள்,
மறுபடி அட்டையை.
"நான்தான் நான்னு
எத்தனை கவுண்டர்ல சத்தியம் பண்றதுக்கா?"
என்று என் கடையில் ஒருநாள் சிரித்தாள்.

சின்னப்பையன் செத்தது செவ்வாய்க்கிழமை, அடைமழையில்.
மாமன் கருப்பண்ணன் நனைந்து வந்தார்.
இறப்புப் பத்திரம், ஆறு பிரதி.
பதினோரு வருடமாக அவர் வாயில் துளசி
'அது'.
அது வாசல் மிதிக்கக் கூடாது.
அது நம்ம வீட்டுப் பிள்ளையே இல்லை.
இப்போது கொள்ளிக்கு ஆள் வேண்டும்.
ஒற்றை எண் அந்த வீட்டில்
அவளிடம் மட்டும்தான் மிச்சம்.
பாக்கியம் சுடுகாட்டுக்கு வரக்கூடாது, பெண்.
துளசி வந்தே ஆகவேண்டும்,
தலை மழித்து, வேட்டி கட்டி, வெற்று மார்போடு.
வெற்று மார்போடு என்கையில்
அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

தாள்களைத் தட்டி அடுக்கியபடி கேட்டேன்,
"வந்துட்டாளா?"

அவர் மழையைப் பார்த்தார்.
தமிழில் வினைச்சொல் ஒவ்வொன்றும்
கடைசி எழுத்தில் துணியை விலக்கிப் பார்க்கும்.
ஆன் என்றாலும் மாட்டிக்கொள்வார்,
ஆள் என்றாலும்.
அது என்றால் இன்றைக்குக் கொள்ளி இல்லை.
ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்:
"வந்தாச்சு."
வாலில்லாத சொல்.
அதைக் குடையாகப் பிடித்துக்கொண்டு
கடையிறங்கிப் போனார்.

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை,
நானும் இரட்டை எண்.
சேலையோடே வந்து குடம் தூக்கினாள் என்கிறார்கள் சிலர்.
லாரிக்காரன் சொல்வது வேறு:
வாசலில் அக்காள் கையைப் பிடித்து நின்றாளாம்,
இவள் உள்ளே வந்தால் நானும் வருவேன்,
இல்லையென்றால் உங்கள் நெருப்பை
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாளாம்.
இப்போதெல்லாம் அங்கே நெருப்பென்பது
சுவரில் ஒரு பச்சைப் பொத்தான்.
எந்த விரல் என்று சுவருக்குத் தெரியும்.

காரியமெல்லாம் முடிந்து இருவரும் வந்தார்கள்,
சொக்சோ பாரத்துக்கு.
சீட்டின்படி சின்னப்பையன்
போன மாதம்வரை குலை வெட்டியவர் அல்லவா.
துளசியின் பின்னல் அப்படியே இருந்தது.
காற்றாடிக் காற்றில் பாக்கியத்தின் முக்காடு விலகியது.
மொட்டை.
முள்முள்ளாய் இரண்டு வார முடி.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
உறவுமுறை என்ற கட்டத்தில்
அனாக் என்று மலாயில் எழுதினாள் பாக்கியம்.
தங்கையின் தாளிலும் அதே அனாக்.
மகனென்றும் இல்லை மகளென்றும் இல்லை அதற்கு,
பிள்ளை, அவ்வளவுதான்.
நம்மிடமும் இருந்த சொல்தானே.

இரண்டு அட்டை, இரண்டு பக்கம்.
நான்கையும் ஏழையும் ஒரே தாளில் எடுத்துக் கொடுத்தேன்.
அறுபது காசு.
ஒரு வெள்ளித் தாளை மேசையில் வைத்துவிட்டு,
மீதிக்கு நிற்காமல்,
அக்காளின் முக்காட்டைச் சரிசெய்தபடி
துளசி போனாள்.