திகைத்த நரம்பு

கஸ்ஸலாவில் மாலை ஆறிலிருந்து ஏழரை வரை
கோபுரம் கொஞ்சம் இரக்கம் காட்டும்.
பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் ஏறி நின்றால்
சிக்னல் இரண்டு கோடு.
அங்கே நின்றுதான் எடுக்கிறேன் உடற்கூறியல்,
இரண்டாம் ஆண்டு, கழுத்தும் தொண்டையும்.

படம் போகாது. காணொளி பற்றிப் பேச்சே வேண்டாம்.
குரல் மட்டும் போகும், மூன்று மூன்று நிமிடமாக.
கார்த்தூமில் எனக்கு வெண்பலகை இருந்தது,
நாற்பத்தொரு மாணவர்கள், பன்னிரண்டு மேசைகள்,
ஏழாம் மேசையில்
இடக்கையில் ஒரு விரல் குறைந்த பெரியவர்,
செத்த பிறகும் எங்களைப் பொறுத்துக்கொண்டு.
கூடத்துச் சாவி இன்னும் என் பையில்.
கதவே இல்லை என்கிறார்கள்.
அவரை ஈரத்துணியால் மூடுவது யார் என்று
யாரிடமும் நான் கேட்கவில்லை.

ஆகவே, உங்கள் விரலை எடுங்கள்.
கழுவிவிட்டு. தண்ணீர் இருந்தால்.
குரல்வளை மேல் வைத்து எச்சில் விழுங்குங்கள்.
ஏறி இறங்கியதே, அதுதான்.
இனி இரண்டு விரற்கடை பக்கவாட்டில்,
தசையின் ஓரமாக, மெல்ல.
துடிக்கிறதா?
இரண்டு பக்கமும் ஒன்றாக அழுத்தாதீர்கள்,
மயங்கி விழுந்தால் தூக்க நான் அங்கே இல்லை.

பதில்கள் இரவில் வந்து விழும்.
அஸ்வானிலிருந்து நிஹால்:
கிடைத்தது, தம்பிக்கும் பார்த்தேன், கூச்சத்தில் உதைக்கிறான்.
அல்மனாகிலிலிருந்து பக்ரி,
கசாப்புக்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஆட்டுக் குரல்வளையைப்
படமெடுத்து அனுப்பினான்.
நாற்பது நிமிடத்தில் மேல்பாதி வந்து
அதோடு நின்றது.
அந்தப் பாதியை வைத்தே மறுநாள் பாடம்.
அவாதிஃப் எழுதினாள்: உஸ்தாஸா, என் நாடி நூற்றிருபது,
இது கழுத்தின் கணக்கா, எங்கள் தெருவின் கணக்கா?
உட்கார், தண்ணீர் குடி, மறுபடி எண்ணு என்றேன்.
வேறென்ன சொல்ல.

சென்ற செவ்வாய், பத்தாவது மண்டை நரம்பு.
அரபியில் அதற்குத் திகைத்த நரம்பு என்று பெயர்,
போக்கிடம் தெரியாதது என்றும் கொள்ளலாம்.
மண்டையோட்டின் அடித்துளையில் வெளியேறிக்
கழுத்தில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, வயிறு வரை.
அதன் ஒரு கிளைக்கு மட்டும் வேறு புத்தி.
குரல்வளையைக் கண்டும் காணாமல் கீழே போய்,
மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு
மேலேறி
குரல்வளைக்கே வந்து சேரும்.
அது அறுந்தால் பேச்சு கரகரக்கும்.
மூன்றாம் கேள்வி: அது எந்தப் பக்கத்துக் கிளை?

நேராகவே போயிருக்கலாமே, என்றான் முஃதஸிம்.
நாங்கள் எல்லைக்குப் போன பேருந்து மாதிரி இருக்கிறது,
டீசலுக்காக ஒரு பகல் முழுக்கத் தெற்கே ஓடிவிட்டு
அப்புறம்தான் வடக்கே திரும்பியது.
இருபத்தாறு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள்.
கருவில் கழுத்து நீள்வதற்கு முன்பே
போட்ட பாதை அது என்று நான் விளக்கிய பதிவை
ஒருவரும் முழுசாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

மாஸினுக்குத் தனியே அனுப்பியவற்றில் மட்டும்
பத்தொன்பது நாளாக ஒற்றை டிக்.
ஓம்துர்மானில் அவன் தெருவின் பெயர் எனக்குத் தெரியும்.
அதனாலேயே செய்தி பார்ப்பதில்லை.

நேற்று ஏழு இருபத்தெட்டுக்கு,
சுவரிலிருந்து ஒரு கால் இறக்கியிருந்தேன்,
நான்கு நொடிப் பதிவு ஒன்று.
பின்னால் ஏதோ இயந்திரம், ஒரு சேவல்,
விடியலில் பேசியது மாலையில் வந்திருக்கிறது.
கரகரத்த குரல், அவனுடையதுதான்:
மூன்றாம் கேள்விக்கு, வலது.

தவறு, மாஸின்.
மகாதமனியைச் சுற்றுவது இடது.
வலது வேறொரு தமனியைச் சுற்றிச்
சீக்கிரமே திரும்பிவிடும்.
வரைந்து பார்.
நான்காம் கேள்வி என்ன ஆயிற்று?