கேள்வி பதினேழு

குப்பையைப் பிரிக்க உங்களைத் தூண்டுவது எது?
பொருந்தும் கட்டத்தில் குறியிடவும்.
பரிசாகத் தரும் சோப்பு. அபராதம்.
அக்கம்பக்கத்தார் பேச்சு. சுற்றுச்சூழல்.
பிற.

ஜியாங்ஷி மலை மடிப்பில் நாற்பத்தொரு வீடுகள்.
மூன்று நாள் மழையில்
படிவங்களின் ஓரம் ஊறி உப்பியிருந்தது.
ஊர்க்கடைச் சுவரில் சிவப்புத் தாள், பிரிப்பவர் பெயர்களோடு.
பக்கத்தில் வெள்ளைத் தாள்.
அதில் ஒரு பெயரை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.

தொங் பாவ்ஷெங் சிரித்தார்:
"அழுகுகிற குப்பையா?
எனக்கு ஒன்பது வாத்துகள் இருக்கின்றன, தம்பி."
அரசு கொடுத்த பச்சைத் தொட்டியில்
விதைநெல் ஊறிக்கொண்டிருந்தது.
வாத்துக்கு என் படிவத்தில் கட்டமில்லை.

லியாவ் வீட்டில் கதவு பாதிதான் திறந்தது.
"வருகிற வண்டி ஒன்றுதானே?
பச்சையும் சாம்பலும் ஒரே வயிற்றில்தான் விழுகின்றன,
பாலத்தில் நின்று பார்த்தேன்."
எழுதிக்கொண்டேன்:
நம்பிக்கை, ஐந்துக்கு ஒன்று.

பாங் சுயின் வீடு கடைசி.
சிவப்புத் தாளில் பதினொரு மாதமாக அவள் பெயர்.
சோப்புக்காகவா என்றேன்.
அடுக்கியிருந்த சோப்புகளைக் காட்டினாள்,
ஒன்றின் உறைகூடப் பிரியவில்லை.
வண்டியைப் பற்றித் தெரியுமா என்றேன்.
"ஊருக்கே தெரியும்."

அப்புறம் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அவர் குடித்துத் தீர்த்த புட்டிகளை
முட்டைக்கோஸ் இலைக்குள் சுற்றிப் போடுவேன்.
மேலே சோற்றுப் பருக்கை,
அதற்கும் மேலே அடுப்புச் சாம்பல்.
பிரித்தால் எண்ணிவிடுவார்களே.
இந்த ஊரில் பிரிக்காதவர்களெல்லாம் சோம்பேறிகள் என்று நினைத்தாயா?

காலையில் மூடி திறந்து குறிப்பேட்டில் எழுதுகிறவள்
கெங் லிஹுவா.
எங்களுக்குள் வாய்க்கால் தகராறு, ஆறு வருடமாகப் பேச்சில்லை.
ஒரு நாள் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன்.
இலையைப் பிரித்தாள்.
விரலில் ரத்தம்.
சூப்பிக்கொண்டே நாலு புட்டியையும் கழுவி,
தன் வீட்டுச் சாக்கில் போட்டுக்கொண்டாள்.
என் எண்ணுக்கு நேரே
சரி என்று ஒரு கோடு.

ஊரில் ஒரு காற்றும் அசையவில்லை.
நானும் காத்திருந்தேன்,
ஒரு வாரம், இரண்டு வாரம்."

இப்போது புட்டிகளைக் கழுவி
வாய் மேலாக நிறுத்தி வைக்கிறாளாம்.
எண்ணிக்கை குறைந்ததா என்று நான் கேட்கவில்லை.
லிஹுவாவிடம் பேசினாளா என்று கேட்டேன்.
"எதற்கு?
வாய்க்கால் இன்னும் அவள் பக்கம்தானே வளைந்திருக்கிறது."

'பிற' என்பதற்கு எதிரே
மூன்று சென்டிமீட்டர் கோடு விட்டிருந்தார்கள்.
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
ஈரத்தில் ஒரு நீலப் பொட்டு மட்டும் பரவியது.

கிளம்பும்போது கை நிறைய வேர்க்கடலை தந்தாள்.
உடைத்துத் தின்றபடி வாசல் வரை வந்து,
தோலோடு நின்றேன்
இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில்.
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், நினைவுக்கு வரவில்லை.

உள்ளேயிருந்து அவள் குரல்:
"பச்சை."