பேசாத பி

கிரிம்ஸ்பியில் மழை.
மூன்றாம் நினைவூட்டலுக்கு ஒருவழியாகப் பதில்.
மீன் வாடை அடிக்கும் உறை, கனமாக.

"என் டெட்டை மறக்கல.
இப்போதைக்கு இவ்வளவுதான்.
முரியல் ஸ்டார்க்கி."

டெட் என்று எழுதியதில் பி இல்லை.
பழக்கதோஷம், சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன்.
பிறகு மூடினேன்.

பிரெஞ்சிலிருந்து கரை இறங்கியபோது
அந்தச் சொல்லிடமும் பி கிடையாது.
லத்தீன் படித்தவர்கள்தான்
பூர்வீகம் தெரியட்டுமென்று
நடுவில் செருகினார்கள்.
ஏறக்குறைய ஐந்நூறு வருஷம்,
ஒரு நாக்கும் அதைத் தொட்டதில்லை.

கடனைச் சொல்லும் சொல்லே
கைமாற்றாக வாங்கிய எழுத்தை
மடியில் கட்டிக்கொண்டு திரிகிறது.
தவணை இல்லை, வட்டி இல்லை.
ஜப்திக்கு ஆள் போவதில்லை.

லத்தீனில் அதன் வேருக்குப் பொருள்:
ஒருவருடையதை
அவரிடமிருந்து தள்ளி வைத்திருப்பது.
முரியல் வைத்திருப்பது
ஒரு வாஷிங் மெஷின்.
அதுவும் சுற்றுவதில்லையாம், போன கடிதத்தில்
எழுதியிருந்தாள்.
பாக்கி நாற்பத்தொரு பவுண்டு.

உறையைக் கவிழ்த்தேன்.
ஆறு பவுண்டு சில்லறை,
ஒரு காசில் ஒட்டியபடி
ஹாடக் மீனின் செதில்.

ஆறை வரவு வைத்தாயிற்று.
செதிலை
எந்தப் பக்கம் எழுத?