இருபது லிட்டர் மஞ்சள்

கியர் பெட்டி கேட்டது சிவப்பு.
நான் ஊற்றியது மஞ்சள்.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
மீதியெல்லாம் சாக்கு.

கண்டெய்னர் வரிசை
எர்ணாவூர் வரை நின்றுவிட்ட ராத்திரி.
துறைமுகத்து ஏலத்தில் எடுத்த வண்டி,
கிளட்ச் மிதி கிடையாது.
வேலையில்லாத இடது காலை
சீட்டுமேல் மடித்துப் போட்டுக்கொண்டு
கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி
ஓட்டுவான் டில்லிபாபு.
அன்றைக்கு இறங்கி வந்து ரோட்டைக் காட்டினான்.
டீக்கடை முனையிலிருந்து பட்டறை வாசல் வரை
சொட்டுச் சொட்டாக
வண்டி தன் விலாசத்தை எழுதியிருந்தது.

சீல் மாற்றினேன். அது அரை நாள் வேலை.
எண்ணெய்தான் இல்லை.
மாதவரம் கடையில் ஹேமலதா
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள்:
சிவப்பு, இருபது லிட்டர்,
வண்டித் தவணையில் பாதி.
அதுவும் திங்கட்கிழமைதான் வரும்.
அன்று வியாழன்.
ஓனர் ஜபருல்லா போனில்
மூச்சை மட்டும் விட்டார்.

கீழ்த்தட்டில் வாளி இருந்தது.
மேலே டிராக்டர் படம்,
சேறே படாத டயர்,
ஓட்டுகிறவன் சிரிக்கிறான்.
எண்ணூர் ரோட்டில் ஸ்டீயரிங் பிடித்த எவனும்
அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.
வாளியின் முதுகில் பொடி எழுத்து:
பல்சக்கரத்துக்கு, ஹைட்ராலிக்குக்கு,
எண்ணெயில் மூழ்கிய பிரேக்குக்கு,
கடைசி வரியில்
பழைய ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கும்.
‘பழைய’ என்ற சொல்லின்மேல்
கட்டைவிரலை வைத்துக்கொண்டு
ஹேமலதாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
அவள் விரலைப் பார்த்தாள்.
பில் போட்டாள்.

புனலில் இறங்கும்போது
நல்லாத்தான் இருந்தது.
தேன் என்று சொல்ல மாட்டேன்,
கடலை எண்ணெய் அளவுக்கு.
குச்சியை எடுத்து, துடைத்து,
விட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
அளவு சரி.
அளவு சரியாக இருந்ததால்
அன்றைக்குத் தூங்கினேன்.

ஒன்பது நாள் ஓடியது.
பத்தாம் நாள் பாபு வந்தான்.
“அண்ணே, ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போறதுக்கு
வண்டி யோசிக்குது.”
யோசிக்கட்டுமே, நம்ம ரோட்டுல
ஒருத்தராவது யோசிக்கட்டும் என்றேன்.
“மணலி பாலத்து மேல யோசிக்குதுண்ணே.
பின்னாடி இருக்கற இருபத்தெட்டு டன்னு
யோசிக்கல.”

கூடப் போய் உட்கார்ந்தேன்.
ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது,
சக்கரத்துக்குச் செய்தி போகவில்லை.
ஒரு நொடி. ஒன்றரை.
இரண்டு பேரும் மூச்சுவிடாமல்
முன்கண்ணாடியைப் பார்க்கிறோம்.
பிறகு ஒரு இடி, முதுகில்.

அந்த எண்ணெயைக் குறை சொல்ல முடியாது.
பிரேக் கீச்சிடாமல்
சமாதானம் பேசியே வளர்ந்தது அது.
கவ்வு என்றால் மெதுவாகத்தான் கவ்வும்.
இங்கே உள்ளே இருக்கும் தட்டுகளுக்கு
சமாதானம் ஆகாது:
பிடித்தால் பிடி, விட்டால் விடு.
நடுவில் நின்றது எல்லாம்
கருகும்.

கீழே வடித்தபோது
காபி டிகாக்‌ஷன் நிறம்,
தட்டில் மீன் செதில்போல மினுக்கும் பொடி.
மூன்று தட்டு போச்சு.
ஜபருல்லாவிடம் சொல்ல
நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன்,
நாலிலும் ‘வெயில்’ என்ற வார்த்தை இருந்தது.
போன் எடுத்ததும்
“நான்தான் பாய்” என்று மட்டும் வந்தது.
இந்தத் தடவை அவர் மூச்சுக்கூட விடவில்லை.

சிவப்பு வாங்கப் போனேன், என் காசு.
ஹேமலதா கேனை மேசைமேல் வைத்து
லேபிளை என் பக்கம் திருப்பி
“படிச்சுக் காட்டுங்க” என்றாள்.
படித்தேன், முழுசாக,
இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு.

காலி வாளியில் இப்போது
கை கழுவத் தண்ணீர் நிற்கிறது.
டிராக்டர்காரன் இன்னும் சிரிக்கிறான்.
வண்டி எல்லாம் மறந்து
வெண்ணெயாய் ஏறுகிறது பாலத்தில்.
டில்லிபாபு மட்டும்
அந்த ஏற்றம் வந்ததும்
மடித்த இடது காலைக் கீழே இறக்கி
ஊன்றிக்கொள்கிறான்,
இல்லாத மிதியின் மேல்.