மூன்றாம் படி

கொண்டலாம்பட்டியில் ஒரு வீடு.
இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல்,
ஆழ்துளைக் கிணறு. மொட்டைமாடியில் நின்றால்
ஊருக்கு அப்பால் சேர்வராயன் மலை.
சுழலும் காமிராவைக் கூடத்தின் நடுவே நிறுத்திவிட்டு
சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.
என் தொழிலில் முதல் பாடம் அது:
படத்தில் ஆள் இருக்கக் கூடாது,
எடுக்கிறவள் உட்பட.

பத்துக்குப் பத்து அறையைப்
பதினாறாக்கும் லென்ஸ்.
காலண்டரைக் கழற்றிய இடத்தின் வெளிர்ச் சதுரத்தை
விரலால் தேய்த்தே அழித்துவிடலாம்.
கைநடுக்கத்தை மென்பொருள் விழுங்கிவிடும்.
வீட்டுக்காரர் பெத்தண்ணன் வாயே திறக்கவில்லை.
விலையைக்கூட என் முதலாளிக்கு
வாட்ஸப்பில்தான் போட்டிருந்தார்.

வாங்க நினைத்தவர் எப்சிபா, குவைத்தில் செவிலி.
இரவு ட்யூட்டி முடிந்து வந்து
ஏழு முறை நடந்திருக்கிறார் எங்கள் இணைப்பில்
அந்த வீட்டுக்குள்.
எங்களுக்குத் தெரியும், எந்த அறையில்
எத்தனை நொடி என்பதும்.
குளியலறையில் நாலு.
மாடியில் நானூறு.

எட்டாம் முறை நேரலையில் வந்தார்.
மலையைக் காட்டப் போனேன்.
"அது எங்கயும் ஓடிடாது, இருக்கட்டும்.
ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி
தரையில வைங்க.
ஃபோனைக் கிட்டக் கொண்டு போங்க."

குனிந்தேன்.
வளையம் வளையமாக
நடுங்கிக்கொண்டிருந்தது தண்ணீர்.

பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் எட்டு விசைத்தறி.
சத்தத்தை நீக்கிப்
புல்லாங்குழல் போட்டது நான்தான்.

குவைத்தில் மௌனம்.
என் கமிஷனை மனசுக்குள் எழுதி எழுதி
அடித்துக்கொண்டிருந்தபோது
ஃபோனைக் கையிலிருந்து வாங்கினார் பெத்தண்ணன்.
பாதி நெற்றி மட்டும் திரையில் தெரியப் பேசினார்:

"காலைல ஆறுக்கு ஓட ஆரம்பிக்கும்மா, ராத்திரி பத்து வரைக்கும்.
வீட்டுல எவ்வளவு சண்டை போட்டாலும் வெளிய கேக்காது.
மாசம் ஒருநாள் கரண்ட் நிறுத்துவாங்க பாரு,
அன்னிக்கு மட்டும் எல்லாரும் வாய மூடிக்குவோம்."

அவர் சிரித்தது இங்கே கேட்டது.
"நான் ஊர் திரும்பினாலும் நைட் ட்யூட்டிதான் குடுப்பாங்க.
பகல்ல தூங்கணுமே?"
"பின்னறையில படு. பாதிதான் கேக்கும்.
ஒன்றரை லட்சம் கொறச்சுக்கறேன்."
"ரெண்டு."
"மாடிப்படியில மூணாவது அரை இஞ்ச் ஒசரம்.
கொத்தனார் பண்ணுன கோளாறு. அதையும் சொல்லிப்புடறேன்."
"அப்ப ரெண்டரை!"

இருபது நிமிடம்.
ஃபோன் என்னுடையது என்பதே
இருவருக்கும் மறந்துவிட்டது.

ஆவணியில் விடுப்பில் வந்தார்.
சார்பதிவாளர் அலுவலகத்தில் ரேகைக் கருவி
இரண்டு பேரையும் ஏற்கவில்லை.
கிருமிநாசினி தின்ற விரல்கள் அவருக்கு,
சேகோ மில்லில் மாவு ஈரத்தில் ஊறித் தேய்ந்தவை இவருக்கு.
ஒரே கைக்குட்டையில்
மாற்றி மாற்றித் துடைத்தார்கள்.
நாலாவது தடவை பச்சை விளக்கு.

சாவியோடு உள்ளே போனவருக்கு
வீடு மனப்பாடம்.
பார்க்காமலே சுவிட்சைத் தட்டினார்.
அலமாரி எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்கவில்லை.
நேரே மாடிக்கு ஏறினார்.
மூன்றாம் படியில் இடறினார்.

"சொன்னேனே!" என்று கீழேயிருந்து கத்தினார் பெத்தண்ணன்.
"சொன்னீங்க, சொன்னீங்க" என்று
முழங்காலைத் தேய்த்துக்கொண்டே
அங்கேயே உட்கார்ந்துவிட்டார் எப்சிபா.

அதே படிகளைப்
போகும்போதும் வரும்போதும் படம்பிடித்தவள் நான்.
காமிரா ஒரு தடவைகூடத் தடுக்கியதில்லை.

இணைப்பை நீக்க மறந்துவிட்டேன்.
இப்போதும் எங்கிருந்தோ யாரோ ஒருவர்
காலே படாமல்
ஏறிப் போய்க்கொண்டிருப்பார்.